துடுப்பை நிறுத்த வேண்டிய தூரம்

மைசூருவுக்கு வடக்கே, ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்துக் காவிரி பாறைகளுக்கிடையே கிளை பிரிந்து ஓடும் இடத்தில் இருக்கிறது ரங்கனதிட்டு. ஏப்ரல், மே மாதங்களில் அங்கே மூன்று நிகழ்வுகள் ஒன்றாகக் கூடிவருகின்றன. பள்ளி, கல்லூரி விடுமுறையால் படகுத்துறையில் கூட்டம் பெருகுகிறது. ஆற்றில் நீர் வற்றிப் பாறைகளும் மணல்திட்டுகளும் வெளியே தெரிகின்றன. அப்பாறைகளிலும் திட்டுகளின் மரங்களிலும் முட்டைகளும் குஞ்சுகளும் வெயிலின் உச்சத்தைத் தாங்கிக் கிடக்கின்றன. மனிதர்களின் ஓய்வுக்காலமும் பறவைகளின் மிக நெருக்கடியான காலமும் ஒன்றே என்பதுதான் கோடைப் படகுப் பயணத்தின் அடிப்படைச் சிக்கல். இதைப் பற்றிய உரையாடல் பெரும்பாலும் இரண்டு எல்லைகளில் நின்றுவிடுகிறது. படகையே தடைசெய்ய வேண்டும் என்பது ஓர் எல்லை. இத்தனை ஆண்டுகளாக ஓடும் படகால் என்ன கெட்டுவிட்டது என்பது மறு எல்லை. இரண்டுமே ஆற்றைச் சரியாகப் பார்க்கவில்லை. படகு தொடரலாம், தொடரவும் வேண்டும். ஆனால் அது எந்த நேரத்தில் ஓட வேண்டும், எந்தத் தூரத்தில் நிற்க வேண்டும் என்பதைப் பயணியின் ஆவல் தீர்மானிக்கக் கூடாது. பறவையின் நடத்தை தீர்மானிக்க வேண்டும்.

இடத்தின் வரலாற்றை முதலில் நினைவுகொள்வது நல்லது. 'திட்டு' என்ற சொல் தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொது. இந்தத் திட்டுகள் மனிதர் தொடாத இயற்கையின் படைப்பு அல்ல. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில், கண்டீரவ நரசராஜ உடையாரின் ஆட்சியில், பாசனக் கால்வாய்க்காகக் காவிரியின் குறுக்கே கட்டப்பட்ட அணையால் நீர் தேங்கியபோது உருவானவை இவை. உழவனுக்காகத் தேக்கிய நீர் பறவைக்கும் அரணாயிற்று. நாற்புறமும் நீர் சூழ்ந்த மரங்களைத் தரைவழி வரும் வேட்டை விலங்குகள் எளிதில் அணுக இயலாது. நீரில் கிடக்கும் முதலைகளும் ஒருவகைக் காவலாயின. மைசூர் சமஸ்தானத்தின் பறவைகளைக் கணக்கெடுத்த சாலிம் அலி இவ்விடத்தின் அருமையை உணர்ந்து அரச குடும்பத்திடம் எடுத்துரைத்ததன் பயனாக 1940-இல் இது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் கர்நாடகத்தின் முதல் ராம்சார் தலமாகவும் இடம்பெற்றது. நீர்நாய், சதுப்பு முதலை, காவிரி வடிநிலத்துக்கே உரிய கூன்முதுகு மஹசீர் மீன் ஆகியவையும் இந்த நீர்ப்பரப்பில் வாழ்கின்றன. அந்த மீனுக்கு அறிவியல் உலகம் உரிய பெயரை உறுதிசெய்தது 2018-இல்தான். அப்போதே அது அழிவின் விளிம்பில் இருந்தது.

கோடைக் காலையில் துடுப்புப் படகில் அமர்ந்து செல்பவர் காண்பது எளிதில் மறக்கக்கூடியதன்று. நீர்மருத மரங்களின் உச்சியில் மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடமைத்திருக்கும். கரண்டிவாயன்கள் சுள்ளி சுமந்து பறக்கும். பாம்புத்தாரா கழுத்தை மட்டும் நீருக்கு மேலே நீட்டி நீந்தும். மரங்களைக் காண்பவர் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் இன்னோர் உலகம் பாறைகளில் இருக்கிறது. ஆற்று ஆலாக்கள் வெறும் பாறையிலும் மணலிலும் முட்டையிடுகின்றன. பெரிய கண்கிலேடி என்னும் பறவை கூடு என்று சொல்லத்தக்க எதையும் கட்டுவதில்லை. கல்லின் நிறத்தில் இருக்கும் முட்டையைக் கல்லின்மீதே வைத்து அடைகாக்கிறது. பாறைகளின் அடிப்புறத்தில் தகைவிலான்கள் சேற்றுக் குடுவைகளை நெருக்கமாக ஒட்டி வைத்திருக்கின்றன. அதே பாறையின் மறுபுறத்தில் ஒரு முதலை வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கும். அது சீற்றத்தின் அடையாளம் என்று பயணிகள் எண்ணுவதுண்டு. உண்மையில் உடல்வெப்பத்தைச் சீர்ப்படுத்தும் முறைகளுள் ஒன்று அது.

வெப்பமே இங்கு மையமான செய்தி. மைசூருவின் ஏப்ரல் மாதச் சராசரி உச்ச வெப்பநிலை சுமார் 34 டிகிரி செல்சியஸ். அது நிழலில் அளக்கப்படும் காற்றின் வெப்பம். நேர்வெயிலில் கிடக்கும் கருங்கல்லின் மேற்பரப்பு அதைவிட மிகக் கடுமையாகச் சுடும். பறவையின் கரு வளர்வதற்கு ஏற்ற வெப்பம் 37, 38 டிகிரியை ஒட்டிய குறுகிய எல்லைக்குள் அடங்குவது. 40-ஐத் தாண்டி நெடுநேரம் நீடித்தால் கரு பிழைப்பது அரிது. ஆகவே கோடையில் 'அடைகாத்தல்' என்ற சொல்லின் பொருளே தலைகீழாகிறது. குளிர்நாட்டுப் பறவை முட்டையைச் சூடாக்க அதன்மேல் அமர்கிறது. காவிரிப் பாறையின் ஆலாவோ நண்பகலில் முட்டையைக் குளிர்விக்க அமர்கிறது. ஆலாக்களும் ஆட்காட்டிகளும் அவ்வப்போது நீரில் வயிற்று இறகுகளை நனைத்துவந்து முட்டையை ஈரப்படுத்துவது பறவையியலாளர் நன்கு அறிந்த நடத்தை. மரத்து நாரைகள் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்குக் குடைபிடிக்கின்றன. தம் கால்களின்மேலேயே எச்சமிட்டு அதன் ஈரம் ஆவியாகும்போது உடலைக் குளிர்விக்கின்றன. நீர்க்காகமும் கூழைக்கடாவும் தொண்டைத் தோலைப் படபடவென்று அசைத்து வெப்பத்தை வெளியேற்றுகின்றன. பயணியின் கண்ணுக்கு ஓய்வாகத் தோன்றும் அந்த அசைவற்ற நிலை, உண்மையில் ஒரு நாளின் மிகக் கடினமான உழைப்பு.

இந்நிலையில் ஒரு படகு இன்னும் கொஞ்சம் நெருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். படகில் இருப்பவர் எவரும் தீயவர் அல்லர். ஒருவரிடம் நல்ல கேமரா இருக்கிறது. ஒரு குழந்தை முட்டையைப் பார்க்க வேண்டும் என்கிறது. துடுப்பாளர் அவர்களை மகிழ்விக்க விரும்புகிறார். ஆலா எழுந்து பறந்து தலைக்கு மேலே கத்துகிறது. 'அழகான பறக்கும் காட்சி' கிடைத்துவிட்டது என்று படகு மகிழ்கிறது. படகு அகன்று பறவை திரும்ப அமர ஐந்து நிமிடம் ஆகலாம், பத்து நிமிடமும் ஆகலாம். அந்த நிமிடங்களில் முட்டை வெறும் கல்லின்மேல் வெயிலில் கிடக்கிறது. அருகில் காகம் இருந்தால் அதற்கு அவ்வளவு நேரம்கூடத் தேவையில்லை. ஒரு படகு ஒருமுறை இவ்வாறு செய்தால் தாங்கக்கூடும். நாள் முழுவதும் படகுக்குப் பின் படகாகச் செய்தால், எவருமே தீங்கு நினைக்காத ஒரு தீங்கு நிறைவேறிவிடுகிறது. எந்தத் தனிப் படகையும் அதற்குப் பொறுப்பாக்க இயலாது என்பதே அதன் ஆபத்து.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்பதற்குத் தரும் வரையறை துப்பாக்கியோடும் கண்ணியோடும் நிற்பதில்லை. பறவைகள், ஊர்வன ஆகியவற்றின் முட்டைகளைச் சேதப்படுத்துவதையும், முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதையும் அவ்வரையறை உள்ளடக்குகிறது. சட்டத்தை இயற்றியவர்கள் கேமராவை மனத்தில் கொண்டு அதை எழுதியிருக்க மாட்டார்கள். ஆயினும் அடைகாக்கும் பறவையை எழுப்பிவிடுவதைக் கொல்வதோடு ஒரே வரையறைக்குள் வைத்ததில் ஓர் உயிரியல் உண்மை இருக்கிறது: கூட்டைப் பொறுத்தவரை இரண்டின் விளைவும் ஒன்றாகலாம்.

இவ்வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படும் மூன்று கருத்துகள் மதிப்புடன் பரிசீலிக்கத் தக்கவை.

முதலாவது, பறவைகள் மனிதருக்குப் பழகிவிட்டன என்பது. இதற்கு நல்ல சான்று மாண்டியா மாவட்டத்திலேயே இருக்கிறது. கொக்கரே பெள்ளூர் ஊரில் மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் வீட்டு வாசல் புளியமரங்களில் கூடு கட்டுகின்றன. எச்சம் வயலுக்கு உரமாகிறது. 2007-இல் அது சமூகக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அங்கு பறவை பழகியது எதற்கு என்று கேட்க வேண்டும். தினமும் ஒரே வழியில் ஒரே வேலையாகச் செல்லும், மரத்தை அண்ணாந்தும் பார்க்காத மனிதர்களுக்கு அது பழகியிருக்கிறது. நெருங்கி வந்து நின்று, கண்ணைக் குறிவைத்துப் பார்ப்பவர் வேறு. பறவையின் பார்வையில் அது வேட்டை விலங்கின் நடத்தை. மேலும் உயர்ந்த மரத்தில் இருக்கும் நாரையின் பொறுமையைக் கொண்டு பாறையில் இருக்கும் ஆலாவின் பொறுமையை அளக்கக் கூடாது. பழக்கம் பற்றிய வாதத்தில் ஒரு தர்க்கப் பிழையும் உண்டு. படகுத்தடத்தில் இன்று காணப்படும் பறவைகள் பொறுத்துக்கொண்டு தங்கியவை. பொறுக்காமல் இடம்பெயர்ந்தவை கணக்கில் வருவதே இல்லை. எஞ்சியவற்றை மட்டும் எண்ணி 'பழகிவிட்டன' என்று முடிவுகட்டுவது, தேர்வெழுத வந்தவர்களை மட்டும் கேட்டு 'எவரும் படிப்பை இடைநிறுத்தவில்லை' என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, துடுப்புப் படகு ஒலியற்றது, ஆகவே தீங்கற்றது என்பது. எஞ்சினைவிடத் துடுப்பு மேலானது என்பதில் ஐயமில்லை. எண்ணெய்க் கசிவில்லை, அலையில்லை, இரைச்சலில்லை. ஆனால் ஒலியின்மையும் தீங்கின்மையும் ஒன்றல்ல. எஞ்சின் படகு தொலைவிலேயே தன்னை அறிவித்துவிடுகிறது. விலங்கு தயாராக நேரம் இருக்கிறது. ஓடமும் பரிசலும் எஞ்சின் படகு செல்ல முடியாத ஆழமற்ற நீருக்குள்ளும் நாணல் இடுக்குகளுக்குள்ளும் நுழைந்துவிடும். கூட்டுக்கு மிக அருகில் திடீரென்று தோன்றும் ஆற்றல் அவற்றுக்கே உண்டு. தாமே துடுப்பிட்டுச் செல்லும் கயாக் பயணங்களைக் காவிரியிலும் கபினியிலும் பெருக்க வேண்டும் என்று ஆர்வப்படுவோர் இதைச் சிந்திக்க வேண்டும். கோடையில் பெண் முதலைகள் கரை மணலில் குழிதோண்டி இட்ட முட்டைகளை ஏறத்தாழ இரண்டு மாதம் காத்துக் கிடக்கின்றன. மணலின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. அந்தக் கரையில் ஓய்வெடுக்க ஓடத்தை இழுத்து நிறுத்துவது மனிதருக்கும் நல்லதன்று, முதலைக்கும் நல்லதன்று.

மூன்றாவது கருத்தே வலிமையானது. பார்க்காததை மக்கள் நேசிக்க மாட்டார்கள். நேசிக்காததைக் காக்க மாட்டார்கள் என்பது அது. இது பெரும்பாலும் உண்மை. மைசூர் நாட்டில் ஆற்றங்கரையில் விலங்கைக் காண்பது என்பதற்கு ஒரு காலத்தில் முற்றிலும் வேறு பொருள் இருந்தது. கபினிக் கரையின் காக்கனகோட்டையில் காட்டு யானைகளை ஆற்றின் வழியே விரட்டிக் கொட்டடியில் அடைக்கும் 'கெட்டா'வைக் காண அரச விருந்தினர்கள் மேடையிட்டு அமர்ந்தார்கள். கடைசி கெட்டா நடந்தது 1971-இல். இன்று கோடையில் கபினி நீர்த்தேக்கம் வற்றிப் புல் முளைக்கும் கரைகளில் யானைக்கூட்டங்கள் தாமாகவே வந்து சேர்கின்றன; அவற்றைப் படகிலிருந்து பார்த்துவிட்டு மக்கள் திரும்பிச் செல்கிறார்கள். அரை நூற்றாண்டில் ஒரு சமூகத்தின் பார்வை இவ்வளவு மாறியது சிறிய செய்தியன்று. படகை நிறுத்தினால் அந்த மாற்றத்தின் ஊற்றுகளில் ஒன்றை அடைப்பதாகும்.

ஆனால் காண்பதற்கு நெருங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் படகு இல்லை. ஊரார் பறவைகளைக் காக்கும் உரிமை 1798-லேயே ஆட்சியாளரால் ஏற்கப்பட்ட ஊர் அது. அங்கு ஏரிக்கரையில் நடந்தும் கோபுரத்தில் ஏறியும் தொலைநோக்கியால் பார்த்தும் தலைமுறைகள் பறவைகளை நேசிக்கக் கற்றிருக்கின்றன. அருகில் செல்லாததால் அவர்களின் நேசம் குறைந்துவிடவில்லை. ரங்கனதிட்டுவின் படகிலும் ஆளுக்கொரு கேமராவுக்குப் பதில் படகுக்கு இரண்டு தொலைநோக்கிகள் இருக்குமானால், பத்து மீட்டர் நெருங்கிப் பெறுவதை ஐம்பது மீட்டரிலிருந்தே பெறலாம். அதிகமாகவும் பெறலாம், ஏனெனில் அப்போது பார்ப்பது அஞ்சி எழும் பறவையை அல்ல, தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் பறவையை.

தூரத்தை மீட்டரில் வகுத்து எழுதுவது நிர்வாகத்துக்கு எளிது; ஆற்றில் அது போதாது. ஒரே பறவை மார்ச்சில் பொறுக்கும் தூரத்தை மே மாதத்தில் பொறுக்காது. முட்டையோடு இருக்கும்போது ஒன்று, குஞ்சோடு இருக்கும்போது வேறொன்று. பறப்பதற்கு வெகு முன்பே பறவை அடையாளம் தருகிறது. இறகைக் கோதுவதை நிறுத்துகிறது, கழுத்தை நிமிர்த்துகிறது, உடலைத் திருப்பிப் பறக்கும் திசையைப் பார்க்கிறது. கழுத்து நிமிரும் இடமே துடுப்பு நிற்க வேண்டிய இடம். பறவை எழுந்துவிட்டதென்றால் படகு ஏற்கெனவே பிழைசெய்துவிட்டது.

இந்த அடையாளங்களை எவரும் ஆய்வேட்டில் படித்துத் துடுப்பாளர்களுக்குக் கற்பிக்கத் தேவையில்லை; அவர்கள் அறிவார்கள். எந்தப் பாறையில் எந்த முதலை எந்நேரம் ஏறும், எந்தக் கிளையில் சென்ற ஆண்டு கூடு விழுந்தது, எந்த மடுவில் நீர்நாய்க் குடும்பம் மீன் துரத்தும் என்பது ஆண்டுதோறும் ஆற்றில் இருப்பவர்களுக்கே தெரியும். சிக்கல் அவர்களின் அறியாமை அன்று. அவர்களின் அறிவுக்கு அதிகாரம் இல்லாமை. 'இதற்கு மேல் போகக் கூடாது' என்று துடுப்பாளர் சொன்னால் அது கடைசிச் சொல்லாக இருக்க வேண்டும். பயணியின் அன்பளிப்பும் அதிருப்தியும் அதை மாற்றக் கூடாது. அதற்கு அவருடைய ஊதியம் அன்பளிப்பைச் சாராததாக இருக்க வேண்டும். அறம் பற்றிப் பேசுவோர் இந்தப் பொருளாதாரத்தை மறப்பதால்தான் அறிவுரைகள் பலகையோடு நின்றுவிடுகின்றன.

கல்விப்புலத்தின் பொறுப்பும் இங்கே இருக்கிறது. 1916 முதல் பல்கலைக்கழகம் இயங்கும் நகரம் மைசூரு. விலங்கியல், சூழலியல் மாணவர்கள் கோடையில் ஆற்றுக்குச் செல்வது பாடத்தின் பகுதி. கூடுகளை எண்ணுவதற்காக நெருங்குவதும் நெருக்கமே. ஆய்வாளர் என்பதற்காக ஆலா கூடுதலாக ஐந்து நிமிடம் பொறுத்திருப்பதில்லை. தொந்தரவைப் பற்றி எழுதப்படும் ஆய்வுகள் தம்மால் விளைந்த தொந்தரவையும் பதிவுசெய்வது குறைந்தபட்ச நேர்மை. அதைவிடப் பயனுள்ள வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு படகிலும் ஒரு குறிப்பேடு; ஒவ்வொரு சுற்றிலும் நேரம், நீர்மட்டம், கூட்டில் அமர்ந்திருந்த பறவைகள், எழுந்து பறந்தவை ஆகியவற்றைத் துடுப்பாளர் சொல்ல, மாணவர் எழுத வேண்டும். தனிப்பட்ட ஆய்வுப் படகு தேவையே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் படகே ஆய்வுக்கூடமாகும். சில கோடைகளில் அந்தக் குறிப்பேடு, எத்தனை சுற்றுகளை ஆறு தாங்கும் என்ற கேள்விக்கு ஊகமன்றி விடை தரும். அதிலிருந்து எழுதப்படும் கட்டுரையில் துடுப்பாளரின் பெயர் நன்றியுரையில் அல்ல, ஆசிரியர் வரிசையில் இடம்பெற வேண்டும்.

படகைவிடப் பெரிய கை ஒன்று இந்த ஆற்றை ஆள்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. சில கிலோமீட்டர் மேலே கிருஷ்ணராஜ சாகர் அணை நிற்கிறது. தென்மேற்குப் பருவமழை வலுத்து அணை நிறைந்து மதகுகள் திறக்கப்படும்போது ரங்கனதிட்டுவில் படகுகள் கட்டப்படுகின்றன. தாழ்ந்த பாறைகளும் கிளைகளும் மூழ்குகின்றன. அணையின் நீரைப் பற்றிய பேச்சு இரு மாநிலங்களின் உழவர்களைப் பற்றியதாகவே இருந்துவருகிறது, அது இயல்பே. ஆயினும் நீர் திறக்கும் நேரத்தையும் வேகத்தையும் வகுக்கும்போது, ராம்சார் தலமாக ஏற்கப்பட்ட இடத்தில் எந்தக் கூடுகள் எந்த உயரத்தில் உள்ளன என்ற செய்தியும் மேசையில் இருக்க வேண்டும். அது இன்று அங்கு இருக்க வேண்டுமானால் யாரோ அதை நாள்தோறும் எழுதியிருக்க வேண்டும். படகின் குறிப்பேடு அதற்கும் உதவும்.

ஆகவே கேட்கப்படுவது மிகையானதன்று. மார்ச் முதல் மே வரை, காலை பத்து மணிக்குப் பின் மாலை நான்கு வரை துடுப்புகள் ஓய்வெடுக்கட்டும். பாறைக்கூடுகள் உள்ள கிளைகளில் அப்பருவம் முழுவதும் படகு நுழையாதிருக்கட்டும். கழுத்து நிமிரும் தூரத்தில் படகு நிற்கட்டும். நிறுத்தும் அதிகாரம் துடுப்பாளரிடம் இருக்கட்டும். ஒவ்வொரு சுற்றும் எழுதப்படட்டும். இதனால் இழப்பது சில சுற்றுகளின் வருவாய், சில நெருக்கமான படங்கள். நண்பகலில் எரியும் ஆற்றில் பயணியும் பெரிதாக எதையும் அனுபவிப்பதில்லை என்பதையும் கணக்கில் கொண்டால் இழப்பு இன்னும் சிறிது.

படகு கரை திரும்பும்போது, அது போகும்போது பாறையில் அமர்ந்திருந்த ஆலா அதே இடத்தில் அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும். அந்தப் பயணம் நல்ல பயணம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.